'ஆகவே' முடிவதற்குள் வந்த வண்டி

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கிடங்கு மேலாளர் அவர்களே! (முழங்கால் இப்போது பரவாயில்லையா, அய்யா? அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.) மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! பெட்டி தூக்கிப் பெட்டி தூக்கியே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார்களே! வண்டி ஓட்டும் தம்பிமார்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே முன்வரிசையில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட என் மனைவியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

புதிய கருவிகளும் பணியிடப் பாதுகாப்பும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் பொறியாளரா? மருத்துவரா? கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியாமல் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார்! பிறகு ஏன்? இந்தக் கிடங்கில் ஓர் ஆபத்து இருந்தது. மின்கம்பியில் தேடினார்கள், கிடைக்கவில்லை. மேலே அடுக்கிய பெட்டிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆபத்து நான்தான்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். என் குரலைக் காதில் சுமந்துகொண்டு கையில் பெட்டியோடு திரிந்தவர்கள் நீங்கள். உங்களுக்கு இல்லாத உரிமையா?

விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு இங்கே எல்லோர் தலையிலும் ஒரு ஹெட்செட் ஏறியது. எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று அது காதில் சொல்லும். திருப்பத்துக்கு அப்பால், பெட்டிகளை இரும்புக் கரத்தில் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்தால் தானே உணர்ந்து எச்சரிக்கும். அருமையான கருவி. ஆனால் அதில் பேசிய இயந்திரக் குரல் தமிழை மென்று துப்பியது. நல்ல குரல் வேண்டும் என்று தேடினார்கள். இங்கே பெட்டி எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள் என் மகள். பாசம் யாரை விட்டது? "எங்கப்பா நல்லா பேசுவாரு சார்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் பட்ட பாடுதான் இந்த உரை.

ஒலிப்பதிவு அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பொறியாளர். "வண்டி வருது, ஒதுங்குங்கன்னு சொன்னா போதும் சார்" என்றார். "என்னங்க நீங்க, உழைக்கிறவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றேன். தொண்டையைச் செருமினேன். முழங்கினேன்:

"உழைப்பால் உயர்ந்து, உண்மையால் ஒளிர்ந்து, இக்கிடங்கின் இதயமாய் இயங்கும் என் இனிய தோழர்களே! தாங்கள் நின்றுகொண்டிருக்கும் பாதையின் திருப்பத்திலிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே, தங்கள் இன்னுயிரின் அருமையைக் கருத்தில் கொண்டு, தயவுகூர்ந்து சற்றே ஒதுங்கி நிற்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்!"

கை தட்டாதீர்கள், அய்யா! இந்தக் கைதட்டல்தானே என்னைக் கெடுத்தது! அன்றைக்கு அந்தப் பொறியாளரும் தட்டினார்.

அதன்பின் இங்கே எனக்கு 'மாமா' என்று பெயர். "மாமா ஆரம்பிச்சிட்டாருடா!" என்று அடுக்குகளுக்கு நடுவே ஒரே சிரிப்பாம். தூக்கத்தில்கூடக் காதுக்குள் 'உழைப்பால் உயர்ந்து' ஒலிக்கிறது, தலைவலி போகவில்லை என்று ஒரு தாய் என் மகளிடம் புலம்பினாராம். நான் என்ன செய்தேன்? புகழ் பரவுகிறது என்று பூரித்தேன்!

பழகியவர்கள் முதல் சொல்லிலேயே ஒதுங்கினார்கள். ஒதுங்காமல் நின்ற ஒரே ஆள் என் மகள். ஏன்? எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்பா பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. சாப்பிட்ட கை காய்ந்து போகும்வரை உட்கார்ந்து கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

ஒரு பிற்பகல். கையில் கண்ணாடிச் சாமான் பெட்டி. காதில் அப்பா. 'உழைப்பால் உயர்ந்து' என்றேன், நின்றாள். 'இதயமாய் இயங்கும்' என்றேன், நின்றாள். 'ஆகவே' என்றேன், வண்டி திரும்பிவிட்டது! ஓட்டிவந்த தம்பி பிரேக்கை மிதித்துக்கொண்டே "அக்கா, தள்ளு! தள்ளுக்கா!" என்று கத்தினார். இரண்டு காதிலும் நான் நிறைந்திருக்கும்போது அவர் குரல் எந்த வழியாக நுழையும்? பெட்டி நொறுங்கியது. அவள் அடுக்கில் மோதி முழங்கை கிழிந்தது. வண்டியின் இரும்புக் கரம் அவள் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஒரு சாண், தாய்மார்களே. அந்த இடைவெளி இல்லாதிருந்தால், இன்று இப்படிச் சிரித்துப் பேச எனக்கு வாய் இருந்திருக்காது.

கருவி என்ன சொன்னது தெரியுமா? திரையில் பளிச்சென்று காட்டியது: 'எச்சரிக்கை உரிய நேரத்தில் அளிக்கப்பட்டது. ஊழியர் விலகவில்லை.' ஆக, குற்றவாளி என் மகள்! கவனக்குறைவு, நாளை விசாரணை, வேலை போகலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் கேட்டுச்சுல்ல? ஏம்மா ஒதுங்கல?"

"நீங்க இன்னும் முடிக்கலையேப்பா."

என் மனைவி குறுக்கே வந்தாள். "இவரு என்னைக்கு முடிச்சாரு? ஏங்க, அடுப்புல பால் பொங்கினா உங்களை நான் எப்படிக் கூப்பிடறேன்?"

"பால்னு கத்துவே."

"நீங்க?"

"ஓடி வருவேன்."

"பாலுக்கு ஒரு வார்த்தை. பெத்த புள்ளைக்கு இம்புட்டு வார்த்தையா?"

நாற்பது பக்கப் பாடத்தையும் ஒரே மூச்சில் விளக்கிய நான், அன்றிரவு என் எச்சரிக்கையைக் கடிகாரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் விசாரணைக்கு நானும் போனேன். வாசலிலேயே மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, உள்ள போய் பேச ஆரம்பிச்சிடாதீங்க. இருக்கிற வேலையும் போயிடும்." ஆகவே நான் பேசவில்லை. வரலாறு காணாத நிகழ்ச்சி அது! விசாரிக்க உட்கார்ந்திருந்த மேலாளரை, அதாவது இன்றைய நம் தலைவரை வணங்கி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கதவு ஓரம் நிற்கச் சொன்னேன். நடைவழியின் கோடியில் சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி ஒன்றை மகளிடம் கொடுத்து, வண்டியின் வேகத்தில் தள்ளிவிடச் சொன்னேன். என் குரலை ஓடவிட்டார்கள். 'உழைப்பால் உயர்ந்து' என்றதும் தலைவர் முகத்தில் ஒரு பூரிப்பு. 'இதயமாய் இயங்கும்' என்றதும் தலை லேசாக ஆடியது. 'ஆகவே...' டமார்!

"ஐயோ அம்மா! யோவ், முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்!"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார். பெருந்தன்மை அது. மகள் மீதிருந்த குற்றத்தை அங்கேயே நீக்கினார். அன்றிலிருந்து ஹெட்செட் ஒரு காதுக்கு மட்டும். மற்றொரு காது பக்கத்தில் இருக்கும் மனிதருக்கு. எச்சரிக்கையும் ஒரே சொல்: 'வண்டி!'

அதையும் நானே பதிவு செய்யப் போனேன். முன்னால் ஓர் 'அன்புசால்' வந்து ஒட்டிக்கொண்டது. அதை வெட்டினால் பின்னால் ஒரு 'நன்றி' முளைத்தது. பொறியாளர் கும்பிட்டுவிட்டு, என் மனைவியை அழைத்துவந்தார். பால் பொங்கும்போது கத்துகிற அதே குரலில் ஒரே முறை சொன்னாள். அறையில் இருந்த அத்தனை பேரும் சுவரோடு ஒட்டினார்கள்! இன்று உங்கள் காதில் ஒலிக்கும் 'அத்தை' இவர்தான். இப்போது தட்டுங்கள் கையை!

அன்பர்களே, கேட்கிறேன். கருவி பேசிவிட்டால் போதுமா? திரையில் பச்சை விளக்கு எரிந்தால் போதுமா? 'எச்சரித்தோம்' என்று பதிவு இருந்தால் போதுமா? காலையில் வந்த கால்கள் மாலையில் நடந்தே வீடு திரும்ப வேண்டாமா? காலையில் பிள்ளையைத் தூக்கிய கைகள் இரவிலும் தூக்க வேண்டாமா? வரட்டும் புதிய கருவிகள், வாழ்த்தி வரவேற்போம்! ஆனால் தொழிலாளியின் தலையில் எதை மாட்டுவதானாலும், முதலில் மாட்டச் சொல்கிறவர் தன் தலையில் மாட்டி நடந்து காட்டட்டும்! எதிரே நாற்காலி தள்ள நானே வருகிறேன்!

இன்னும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு...

"போதும்!"

கேட்டீர்களா? முன்வரிசையிலிருந்து வருகிறது. இந்தக் குரலுக்குக் கிடங்கே ஒதுங்குகிறது, நான் எம்மாத்திரம்? இதோ, ஒதுங்கிவிட்டேன். எனக்குக் கொடுத்த ஒரு காதுக்கு நன்றி. பக்கத்தில் இருப்பவருக்காகத் திறந்து வைத்திருக்கும் மறு காதுக்கு என் வணக்கம்!