தெப் பெரியப்பாவின் சாவுக்குக் கொண்டுபோன பாய்

காவி உடுத்திக் கருணையே உருவாய் இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் நம் விகாரையின் தலைமைப் பிக்கு மகாதேரர் அவர்களே! ஒரு காலி மனையின் தலையெழுத்தை இன்று மாலை எழுதிவிடப் பேனாவோடு வந்திருக்கும் நிர்வாகக் குழுப் பெரியவர்களே! வெள்ளை உடையும் வெள்ளை உள்ளமுமாய் இந்த முற்றத்தைப் புனிதமாக்கும் துறவி அன்னையரே! மீன் கூடையை மருமகள் தலையில் கட்டிவிட்டு ஓடோடி வந்திருக்கும் சந்தைத் தாய்மார்களே! போன ஆண்டுப் படகுப் பந்தயத்தில் தோற்றும் மீசையை முறுக்கிக்கொண்டு திரியும் நம் வட்டாரத்து வாலிபர்களே! நாற்காலி கிடைக்காமல் மதில் மேல் ஏறிக்கொண்ட மாணவச் செல்வங்களே! முன்வரிசையில், மழித்த தலையோடு, "அளந்து பேசு" என்று கண்ணாலேயே என்னை மிரட்டிக்கொண்டிருக்கும் என் அருமைத் தோழி கொலாப் அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

அளந்து பேச எனக்கு எப்போது வந்தது, இன்று வர? என் பெயர் பிருன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியன். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், பினோம் பென் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஒரு மூட்டைத் துணியோடு இந்த விகாரை வாசலில் வந்து நின்றவன். "உள்ளே வா" என்றார் அன்றைய தேரர். அவ்வளவுதான் விசாரணை! வடக்குக் குடிலில் படுக்க இடம். பிக்குகள் உண்டு மீந்த சோறு. நான்கு ஆண்டுகள்! நாட்டுப்புறத்திலிருந்து வந்து பட்டம் வாங்கிய ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் இப்படி ஏதாவது ஒரு விகாரையின் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள்தான். அந்த நன்றியை மறந்தால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

ஆனால் அன்பர்களே, என்னோடு அதே தேர்வை எழுதி, என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண்பிள்ளைகள் எங்கே போனார்கள்? எந்த வாசலில் போய் நின்றார்கள்? யார் அவர்களை "உள்ளே வா" என்றார்கள்? பிக்குகள் வாழும் இடத்தில் துறவு பூணாத பெண்கள் தங்கக் கூடாது, அது விதி. பல்கலைக்கழகத்தின் கதவு இரண்டு பேருக்கும் திறந்துதான் இருந்தது. படுத்து எழுந்து அந்தக் கதவுக்கு நடந்து போக எங்களுக்கு ஓர் இடம் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்திருக்கிறார். "அதுக்காக விகாரைக்குள்ள பொம்பளைப் பிள்ளைங்களைக் குடி வைக்கச் சொல்றியா?" என்கிறார். ஐயா, உட்காருங்கள். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் கொஞ்சம் அவசரக் கோபம். புத்தர் பெருமான் வகுத்த விதியில் கை வைக்க நான் யார்? உள்ளே கேட்கவில்லை, வெளியே கேட்கிறேன். மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம், பந்தயப் படகுக் கொட்டகையை ஒட்டிக் கிடக்கிறதே விகாரைக்குச் சொந்தமான ஒரு மனை, அதைக் கேட்கிறேன். கார் நிறுத்துவதா, கல்லூரிக்கு வரும் பெண்கள் தங்க விடுதி கட்டுவதா? இதுதான் இன்று குழுவின் முன்னால் இருக்கும் கேள்வி. அதற்கு வாதம் செய்ய எனக்குத் தெரியாது. கதை சொல்லத் தெரியும். என்னை நானே முட்டாள் ஆக்கிக்கொண்ட கதை.

என் வகுப்பில் கொலாப் என்றொரு பெண். பிரே வெங் பக்கத்துக் கிராமம். எப்போதும் தலையில் கட்டம் போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டிருப்பாள். மாலை வகுப்பில் நாங்கள் வறுத்த வாழைப்பழம் வாங்கித் தின்னும்போது, வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்தோம். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் காற்று அடித்தது. துண்டு பறந்தது. மொட்டைத் தலை!

இருபது வயதுப் பெண் நம் ஊரில் எதற்குத் தலையை மழிப்பாள்? பெற்றவர் போனால்தானே? "கொலாப், யாரு? அப்பாவா?" என்று கேட்டேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். போதாதா எனக்கு? நான் வகுப்புத் தலைவன் அல்லவா! அங்கேயே அவளுடைய அப்பாவைக் கொன்றுவிட்டேன்.

சிரியுங்கள், சிரியுங்கள், இன்னும் இருக்கிறது. வகுப்புப் பதிவேட்டில் அப்பா பெயர் தெப் என்பதையும் ஊரையும் பார்த்துக்கொண்டு, அவளுக்குச் சொல்லாமல் ஒன்பது பேர் கிளம்பினோம். ஈமச் சடங்குக்கு வெறுங்கையோடு போகலாமா? பிக்குகளுக்குத் தானம் கொடுக்கப் புதுப் பாய், தலையணை, கொசுவலை, தேநீர்க் கெண்டி, ஊதுவத்திக் கட்டு, எல்லாம் சுமந்துகொண்டு, லாரியில் ஏறி, மேகாங் ஆற்றில் படகு மாறி, புழுதியில் குளித்துப் போய்ச் சேர்ந்தோம். ஊர் எல்லையில் ஒரு பனைமரம். உச்சியில் ஒருவர் பதநீர் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா! செத்துப்போன தெப் ஐயா வீடு எது?" என்று அண்ணாந்து கேட்டேன்.

மேலிருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான்டா தெப். நான் எப்படா செத்தேன்?"

ஒன்பது பேரில் இரண்டு பேர் ஓடியே போய்விட்டார்கள். நான் ஓடவில்லை, வீரத்தால் அல்ல. கொசுவலை காலில் சிக்கிக்கொண்டது. மூங்கில் குழாய்கள் இடுப்பில் கடகடக்க அவர் இறங்கி வந்தார். ஊதுவத்தியைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். "எனக்கா இத்தனையும்? பாய் நல்ல பாய்தான். தலையணை கொஞ்சம் சின்னது. சரி, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, செத்தவன் கையால பதநீர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். இப்படியும் ஒரு மனிதர்! எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எனக்குத் தெப் பெரியப்பா.

குடித்து முடித்ததும் கேட்டார், "யாருடா சொன்னா நான் செத்துட்டேன்னு?"

"யாரும் சொல்லல, பெரியப்பா. கொலாப் மொட்டை அடிச்சிருந்தா, அதான்..."

அவர் கையில் இருந்த குவளை கீழே போனது. மகள் நகரத்தில் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தவர் அவர். அந்த நம்பிக்கையில்தான் அனுப்பியே வைத்தார். "நான் உயிரோட இருக்கேன். எம்பொண்ணு ஏன்டா தலையை மழிச்சா?" என்று என் சட்டையைப் பிடித்தார். எனக்குத் தெரியவில்லை, சபையோரே. சத்தியமாகத் தெரியவில்லை. மறுநாளே எங்களோடு லாரியில் ஏறிவிட்டார். பாயும் தலையணையும் திரும்பி வந்தன.

பல்கலைக்கழக வாசலில் காத்திருந்து, வகுப்பு முடிந்து வெளியே வந்த அவளைத் தூரத்திலிருந்து பின்தொடர்ந்தோம். அவள் நடந்தாள். எங்கே நடந்தாள்? என் தெருவில் நடந்தாள். எந்த வாசலில் நுழைந்தாள்? என் விகாரை வாசலில் நுழைந்தாள்! தெற்கு மூலையில், துறவி அன்னையரின் குடிசைக்குள் போனவள், வெள்ளை உடுத்தி, கையில் விளக்குமாற்றோடு வெளியே வந்தாள்.

அத்தை கைவிரித்துவிட்டாள். "வயசுப் பொண்ணை வீட்ல வச்சிட்டு யார் பதில் சொல்றது?" என்றாளாம். விடுதி கிடையாது. ஊருக்குத் திரும்பினால் படிப்பு போச்சு. அதனால் தலையை மழித்து, சீலம் எனும் நோன்பு விதிகளை எடுத்து, துறவிகளோடு துறவியாய்ச் சேர்ந்துவிட்டாள். பகல் பன்னிரண்டுக்கு மேல் பருக்கை தொடக் கூடாது என்பது சீலம். வறுத்த வாழைப்பழத்தை அவள் ஏன் மறுத்தாள் என்று இப்போது புரிகிறதா? ஒன்றரை ஆண்டுகளாக அவள் கூட்டிய முற்றத்தில்தான் நான் காலை நேரத்தில் கொட்டாவி விட்டபடி நடந்திருக்கிறேன். துறவி என்று தலை குனிந்து வணங்கினேனே தவிர, அந்த முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேனா? என் பக்கத்துப் பெஞ்சுக்காரி எங்கே தூங்குகிறாள் என்று ஒருநாளாவது கேட்டேனா? வெட்கம், சபையோரே, வெட்கம்!

தெப் பெரியப்பா முற்றத்தின் நடுவில் நின்றார். "விளக்குமாத்தைக் கீழ போடு. கெளம்பு, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"வர மாட்டேன்பா. முடி வளர்ந்துடும். இன்னும் ரெண்டே வருஷம்."

"பொய் சொல்லித் துறவி ஆனியே, பாவம் இல்லையா அது?"

அப்போது அன்றைய மூத்த துறவி ஏங் அம்மா குறுக்கே வந்தார். அவர் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. "தம்பி, இவ முக்தி தேடி வரலைன்னு எனக்கு மொத நாளே தெரியும். பிரார்த்தனைப் புத்தகத்துக்கு உள்ள கணக்குப் புத்தகத்தை வச்சுப் படிக்கிறவ எந்த முக்திக்குப் போவா? ஆனா எடுத்த சீலத்துல ஒண்ணைக்கூட ஒரு நாளும் தப்பல. சாயங்காலம் பசியில கை நடுங்கும், அப்பவும் படிப்பா. கூட்டிட்டுப் போறதுன்னா போ. நான் அழுவேன், அவ்வளவுதான்."

பெரியப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ எங்கடா தங்கியிருக்க?"

"இங்கதான் பெரியப்பா. வடக்குக் குடில்ல."

"மொட்டை அடிச்சியா?"

"இல்ல."

"சீலம் எடுத்தியா?"

"இல்ல பெரியப்பா."

"சாயங்காலம் சோறு சாப்பிடுறியா?"

அன்பர்களே, என் வாழ்க்கையில் எத்தனையோ கேள்வித்தாள்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றை இதுவரை பார்க்கவில்லை. "சாப்பிடுறேன்" என்றேன். தலை தானாகக் குனிந்தது. நான் யாரையும் விரட்டவில்லை, யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. ஆனாலும் ஒரே படிப்புக்கு நான் எதையும் கொடுக்கவில்லை, அவள் தன் கூந்தலையும் இரவுச் சோற்றையும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா எங்கள் மூட்டையிலிருந்து பாயை உருவினார். "இது என் சாவுக்கு வந்ததுதானே? நான் சாகல. அப்போ இது என் சொத்து" என்றார். தலையணையை எடுத்தார். கொசுவலையை எடுத்தார். அத்தனையையும் மகள் கையில் வைத்தார். "படி கண்ணு. ஆனா தலையை மழிக்காம படி. சாயங்காலம் சாப்பிட்டுட்டுப் படி. அதுக்கு இடம் பாக்காம உங்கப்பன் ஊருக்குப் போக மாட்டான்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. மூன்று நாள் இந்தத் தெருவில் கதவு கதவாய்த் தட்டினார். எதிர்ச் சாரியில் அரிசிச் சேவை விற்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ரின் அக்கா பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தார். மகராசி! கொலாப் அங்கே பாயை விரித்தாள். அடுத்த மாதம் இன்னொரு பெண் வந்தாள், பிறகு மேலும் இருவர். ஒரு பாயில் நெருக்கியடித்துக்கொண்டு நால்வர்!

ஊருக்குக் கிளம்பும்போது பெரியப்பா என் தோளைத் தட்டினார். "அடுத்த தடவை நான் செத்தா ஒரு பாய் பத்தாதுடா. நிறையக் கொண்டு வா" என்றார்.

கொலாப் பட்டம் வாங்கினாள். பிரே வெங்கில் இன்று எந்த மதகு எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற நீர்ப்பாசனப் பொறியாளர் அவள்தான். வயலில் தண்ணீர் ஏறாவிட்டால் ஆம்பிளைகள் எல்லாரும் அவளுக்குத்தான் போன் போடுகிறார்கள்! ரின் அக்காவின் பின்கட்டில் இருபத்தேழு ஆண்டுகளாகப் பெண்கள் மாறி மாறித் தங்கிப் படித்தார்கள். போன ஆண்டு அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், அங்கே பன்னிரண்டு மாடி எழுகிறது. இந்த ஆண்டு இடம் கிடைத்த பெண்கள் பதினோரு பேர் இந்தத் தெருவில் வந்து விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். திரும்பிப் போனவர்கள் எங்கே போனார்கள்? யாருக்குத் தெரியும்? மறுபடியும் ஒரு பெண் தலையை மழிக்க வேண்டுமா?

இப்போது கொலாப்பைப் பாருங்கள். அந்தத் தலையைப் பாருங்கள். இந்த முறை என் கற்பனை இல்லை, தாய்மார்களே. சென்ற மாதம், எண்பத்து மூன்றாம் வயதில், தெப் பெரியப்பா உண்மையாகவே போய்விட்டார். நான் போனேன். பனைமரத்தடியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். "நான் எப்படா செத்தேன்" என்று ஒரு குரல் வராதா என்று பார்த்தேன். வரவில்லை. சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

ஆனால் அவர் கேட்டதை மறக்கவில்லை. துக்கத்துக்கு வருபவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாய் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். தம்பிகளே, அந்தத் திரையை விலக்குங்கள். பார்த்தீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? நூற்று நாற்பத்தேழு பாய்கள்! மதகுத் தண்ணீர் பாய்ந்த ஊர்களிலிருந்தெல்லாம் வந்த பாய்கள். ரின் அக்காவின் பின்கட்டில் படுத்துப் படித்து, இன்று மருத்துவராகவும் ஆசிரியையாகவும் இருப்பவர்கள் தோளில் சுமந்து வந்த பாய்கள். பாய் இருக்கிறது. படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விரிக்கத் தரைதான் இல்லை.

மேலே ஒரு பழைய பாய் இருக்கிறது பாருங்கள், ஓரமெல்லாம் பிய்ந்து, நடுவில் ஒட்டுப் போட்டு. நான் சுமந்த பாய் அது. கொலாப் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தாள். குழுப் பெரியவர்களே, நான் பேச்சை முடித்ததும் அதை எடுத்துப் போய் மேற்கு மதிலுக்கு வெளியே அந்த மனையில் விரிக்கப் போகிறேன். அதன் மேல் காரை ஏற்ற யாருக்கு மனம் வருமோ, அவர் ஏற்றிக்கொள்ளட்டும்.

இடம் தந்து என்னை வளர்த்த விகாரைக்கும், பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், எழுந்து நின்று சண்டை போட்ட ஐயாவுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த தாய்மார்களுக்கும் என் நன்றி. செத்தவன் கையால் பதநீர் கொடுத்த தெப் பெரியப்பாவுக்கு என் வணக்கம். வருகிறேன், பாய் விரிக்க நேரமாகிவிட்டது.