இடது கையில் மாவுக்கட்டு

இந்த அறைக்கு வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தவர் புண்ணியவான். வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி விழுகிறது. நூலின் நிறம் ஏமாற்றாது. எங்கள் வீட்டில் மூன்று மணிக்கு மேல் நீலமும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும். அதனாலேயே நெய்ததை இரண்டு தடவை பிரிக்க வேண்டி வந்தது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகச் சொல்கிறேன். பல் டாக்டரிடம் இருபத்திரண்டு வருஷம் வரவேற்பில் உட்கார்ந்தவள் நான். எதையும் வரிசை தப்பாமல் சொல்லிப் பழக்கம்.

நெசவு எனக்குப் புதுசு. அக்காதான் என்னைச் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டாள். "சும்மா என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காதே, நண்டு. எதையாவது கத்துக்கோ" என்றாள். நண்டு என்பது நான். சின்ன வயதில் அவள் பாவாடையைப் பிடித்தால் விடமாட்டேனாம். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாறு. அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் நாங்கள் இருவர்தான், இரண்டாம் மாடியில், இரண்டு அறையில். அவள் நர்ஸ் வேலைக்குப் போவாள், வருவாள். நான் கதவைத் திறந்துவிடுவேன்.

வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஒருவர், மனைவியை இழந்தவர். அவரும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

"உன்னை விட்டுட்டு ஓடிப்போறேன்னு நெனைக்காதடி. நாலு தெரு தள்ளித்தான். உனக்கும் பொழுது போகணுமேன்னுதான் அந்த வகுப்புல சேர்த்துவிட்டேன்."

நல்ல விஷயம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அறுபத்தொரு வயதில் ஒருத்திக்கு ஆசை வந்தால் தங்கைக்காரி குறுக்கே நிற்கலாமா? ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அவள் போன பிறகு நான் யாருக்குக் கதவைத் திறப்பேன்?

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மாடிப்படியைக் கழுவினேன். வாராவாரம் கழுவுவதுதான். மேலிருந்து இரண்டாவது படியில் மட்டும் சோப்புத் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது. ஏழு மணிக்கு அக்கா பால் வாங்க இறங்குவாள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல.

வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைவிரலை உருட்டினால் போதும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லியும் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை இது. கைநாட்டு வெச்சுக் கல்யாணம் பண்ணிக்கிற அளவுக்கு என்ன அவசரம்?" என்று அவளாகவே தள்ளிப்போட்டாள். அதை நான் சொல்லவில்லை பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. கை முறிந்து கிடக்கிறவளை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அடுத்த வாரம் டீச்சர் எனக்கு ஒரு மரச்சட்டம் கொடுத்தார். மேலிருந்து கீழாகப் பாவு நூலை இறுக்கிக் கட்டியிருக்கும். பின்னால் நாம் வரைந்த படத்தைப் பொருத்திக்கொண்டு, கீழேயிருந்து நிறம் நிறமாக ஊடை நூலை நுழைத்து ஏற வேண்டும். ஒவ்வொரு வரியையும் சீப்பால் அடித்து இறக்க வேண்டும். சீப்பு என்றால் தலை வாருகிற சீப்பு இல்லை. இரும்பு, ஒரு சாண் நீளம், எட்டுப் பல். நெய்கிறவள் பார்ப்பது படத்தின் முதுகைத்தான். நூல் முனைகள் தொங்கும் பக்கம். முகம் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணப் பரிசாக அவளையே நெய்வது என்று முடிவு செய்தேன். ஜன்னலோர நாற்காலி, நீலப் புடவை, மார்போடு கட்டிய கை. "முதல் படத்துக்கு நாலு கட்டம், ரெண்டு பட்டை போதும்மா. முகமெல்லாம் வேண்டாம், உங்களால முடியாது" என்றார் டீச்சர். அதனால் முகத்தில் கண், வாய் எதுவும் வைக்கவில்லை. அது அக்காதான் என்று சொல்ல அந்த வெள்ளை மாவுக்கட்டு ஒன்றுதான் அடையாளம்.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவளைக் குளிப்பாட்டிவிட்டேன், ஊட்டிவிட்டேன், புடவை கட்டிவிட்டேன். மத்தியானம் அவள் ஜன்னலோரம் உட்கார்வாள்; நான் நெய்வேன். ஒரு நாளைக்கு இரண்டு விரல்கடை ஏறினால் அதிகம். "நண்டு, தண்ணி குடுடி" என்பாள். என் ஆயுசில் அவள் என்னிடம் ஒன்று கேட்டது அப்போதுதான். நான் சந்தோஷமாக இருந்தேன்.

கட்டைப் பிரித்தார்கள். கை கூடிவிட்டது. வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை கடைசி வரியை அடித்து இறக்கி, பாவு நூலை அறுத்து, சட்டத்திலிருந்து எடுத்தேன். ஆம்புலன்ஸ்காரரும் வந்திருந்தார். சுவரில் மாட்டிவிட்டு அப்போதுதான் நானும் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். "அடியே, எனக்கு ஒடைஞ்சது வலது கை. இதுல இடது கையில்ல கட்டுப் போட்டுருக்கே!"

"அப்ப நாளன்னிக்கு நான் எந்தக் கையைப் பிடிக்கிறது?" என்றார் அவர்.

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனால் சிரிக்காமல் என்ன செய்வது?

டீச்சருக்குப் போன் செய்தேன். "நீங்க வராத சனிக்கிழமை சொன்னேனேம்மா. பின்னாலேருந்து நெய்யறதால படத்தைத் திருப்பிப் போட்டு வரையணும்னு" என்றார். சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டேன். "கட்டுப் போட்ட எடம் வரைக்கும் மேலேருந்து எல்லாத்தையும் பிரிக்கணும். பாவு நூலையும் அறுத்தாச்சு. இனி ஒண்ணும் முடியாது. அழகாத்தானே இருக்கு, விடுங்க."

என்னால் விட முடியவில்லை. புதன்கிழமை காலை முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அக்கா தன் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்குகிற சத்தம் கேட்டது. படத்தைத் திருத்த முடியாது என்று டீச்சரே சொல்லிவிட்டார். வேறு என்னதான் மிச்சம் இருந்தது, சொல்லுங்கள்.

பதினோரு மணிக்கு அவள் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். நான் பின்னால் வந்து தோளில் கை வைத்தேன். தள்ளியதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

திருப்பத்தில் போய் விழுந்தாள். அவளுக்கு நினைவில்லை. வலது கை பழைய இடத்திலேயே மறுபடியும் மடிந்திருந்தது. இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அதனால் மேலே போய்ச் சீப்பை எடுத்துவந்தேன்.

எட்டுப் பல் தடம் என்று டாக்டர் எழுதியிருப்பது சரிதான். இடது கையில் ஐந்து தடவை அடித்தேன். கோபத்தில் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, தோளை ஆட்டாமல், மணிக்கட்டை மட்டும் அசைத்து. ஐந்தாவதில் எலும்பு விட்டது என் கைக்குத் தெரிந்தது. நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. பிறகு பெட்டியை மேலே கொண்டுபோய், துணிகளை அலமாரியில் பழைய இடத்தில் அடுக்கிவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் புதன்கிழமையைப் பற்றித்தான் கேட்டீர்கள். சோப்புத் தண்ணீரை நானாகச் சொன்னேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தப்பாக இருக்கிறது. கண் விழித்ததும் அக்கா, "அவளை உள்ளே விடாதீங்க" என்று அலறியதாக இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். மயக்க மருந்து தெளியும்போது மனிதர்கள் கண்டதையும் உளறுவார்கள், அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆம்புலன்ஸ்காரர் மூன்று நாளாக வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். பாவம், அவருக்கும் போக்கிடம் இல்லைபோல. கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். இரண்டு கையும் இல்லாமல் பசியோடு கிடப்பாள்; ஊட்டிவிட என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?