மூணாவது படி

பால் எவ்வளவு குடுக்கும்ங்கறத அப்புறம் பேசுவோம். முதல்ல இந்த பூட்ஸை மாட்டிக்கிட்டு உள்ள வாங்க. தரை வழுக்கும். ஆமா, ரெண்டு வேளை கழுவியும் வழுக்கத்தான் செய்யும். கழுவுற தண்ணியும் சாணியும் இந்த வாய்க்கால்ல போயி, பின்னாடி குழியில விழுந்துடும். பாக்கணுமா? பாக்கலாம், இருங்க. மாட்டப் பாத்துட்டுப் போவோமே.

இவளுக்குப் பின்னால மட்டும் நிக்காதீங்க, உதைப்பா. பேரு மேனேஜர். சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேரு. என் மச்சினன் வச்சது. என் வீட்டுக்காரியோட தம்பி. நாங்க ரெண்டு பேரும் கூட்டாத்தான் பண்ணைய ஆரம்பிச்சோம். அவன் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தான். அங்க யார் யார் அவனப் படுத்தினாங்களோ அவங்க எல்லாரையும் இங்க கட்டிப் போட்டுட்டான். அதோ அசைபோட்டுக்கிட்டே தூங்குது பாருங்க, அது கேஷியர். தினமும் அத எழுப்பி, சார் கவுன்ட்டரத் திறங்கம்பான். அவன் குரல் கேட்டாத்தான் அது எழுந்திரிக்கும்.

உங்கள மாதிரிதாங்க அவனும். ஃபேனுக்கடியில உக்காந்து பாக்குற வேலை. நான்தான், எத்தன நாளைக்குடா அடுத்தவனுக்கு சலாம் போடுவே, வாடான்னு இழுத்துட்டு வந்தேன். என் வீட்டுக்காரிக்கு அதுல அவ்வளவா இஷ்டமில்ல. அவ தம்பிய அவதான் தூக்கி வளத்தா.

இல்லீங்க, இப்ப இல்ல. போயிட்டான். மூணு வருஷம் ஆகுது.

பரவாயில்ல, கேளுங்க. நீங்க தொழிலுக்கு வரப் போறவரு, தெரிஞ்சுக்க வேண்டியதுதான். இப்படி வாங்க. இதான் குழி. இந்த கம்பி வேலி அதுக்கப்புறம் போட்டது. ஆளுயரத்துக்கு மேல ஆழம். மேல பாத்தா ஏடு கட்டின மாதிரி அமைதியாத்தான் இருக்கும். கலக்கி விட்டா அடியிலேர்ந்து காத்து கிளம்பும், விஷக் காத்து. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லன்னு நெனைக்காதீங்க. திடீர்னு நாத்தமே தெரியாமப் போகும் பாருங்க, அப்ப மூக்கு செத்துப் போச்சுன்னு அர்த்தம். அடுத்தது நாமதான். இதெல்லாம் தீயணைப்புக்காரர் அப்புறமா சொன்னது.

காலையில கறவை முடிஞ்ச நேரம். வைக்கோல் போயி, குழியிலேர்ந்து சாணித் தண்ணிய இறைக்கிற மோட்டார் வாய அடைச்சுக்கிச்சு. ஏணி வச்சு இறங்கி, கையால இழுத்து விடணும். அவன் இறங்கினான். இரும்பு ஏணி, பூட்ஸ் பட்டா டங்குனு சத்தம் வரும். ரெண்டு சத்தம் கேட்டுச்சு. மூணாவது கேக்கல. பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். கேஷியர்தான் உள்ளேர்ந்து கத்துச்சு.

ஓடிப் போயி ஏணியில கால வச்சேங்க, வைக்காம இல்ல. கண்ணு எரிஞ்சு, நெஞ்சு அடைச்சு, ஏறிட்டேன். அதுக்குள்ள என் வீட்டுக்காரி வந்துட்டா. நேரா குழிக்குத்தான் பாஞ்சா. இடுப்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். விடுறா, என் தம்பிய எடுக்கணும்னு அலறுறா. கட்டின புருஷன டான்னு கூப்பிட்டது அன்னைக்கு மட்டுந்தான். கையக் கடிச்சுட்டா. இதோ தழும்பு. இப்பவும் வர்றவங்க போறவங்ககிட்ட இந்தக் கையப் பிடிச்சுக் காட்டி, இவரு மட்டும் பிடிக்கலேன்னா நானும் போயிருப்பேன்னு சொல்லுவா. எங்க பாக்குறதுன்னு தெரியாது எனக்கு.

அவன அடக்கம் பண்ணிட்டு நேரா கொட்டகைக்குத்தாங்க வந்தேன். கறக்காம விட்டா மடி கட்டிக்கும்ல. எல்லாம் பால் சொட்டச் சொட்ட நின்னுச்சுங்க. மெஷினப் போட்டேன். அது டக்டக், டக்டக்னு ரெண்டு ரெண்டா அடிக்கும். கேட்டிருப்பீங்களே இப்ப. ஒவ்வொரு ரெண்டுக்கும் அப்புறம் நான் மூணாவதுக்குக் காத்துக்கிட்டு நிப்பேன். இன்னைக்கும் அப்படித்தான். விக்கச் சொல்றாங்க. வித்துட்டா அந்த மாட்ட யாரு சார்னு கூப்பிடுவா?

என்ன கேட்டீங்க? எப்பவும் அவன்தான் இறங்குவானான்னா?

இல்லீங்க. நான்தான் இறங்குவேன். அவனுக்கு அந்த வேல பழக்கமே இல்ல.

முந்தின வாரமும் அடைச்சுது. நான்தான் இறங்கினேன். பாதியிலேயே கண்ணு இருட்டிடுச்சு. எப்படி மேல வந்தேன்னே தெரியல. கொட்டகைக்குப் பின்னால போயி வாந்தி எடுத்தேன். என்ன மாமா, மூஞ்சி வெளுத்திருக்குன்னு கேட்டான். வெயிலுடான்னுட்டேன். அந்த வாரந்தான் பழைய ஆபீஸ்ல மறுபடி கூப்பிடுறாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தான். குழி இப்படின்னு சொன்னா பெட்டியக் கட்டிடுவானோன்னு ஒரு இது. அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் மனசுல இல்ல.

அன்னைக்கு மறுபடி அடைச்சதும் எனக்கு இறங்க பயமா இருந்துச்சு. இடுப்பு பிடிச்சிருக்குடான்னேன். அதுக்கென்ன மாமா, நான் பாத்துக்கறேன்னு வீட்டுக்குள்ள போயி ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்தான். இங்கதான், நீங்க நிக்கிற இடத்துல போட்டான். என்ன உக்கார வச்சுட்டு இறங்கினான்.