கள்ளச் செங்கல்

பிளாஸ்கில் பிளேன்டீ இருக்கிறது, டொக்டர். இஞ்சி தட்டிப் போட்டது. காலையிலிருந்து நீங்கள் ஒன்றும் குடிக்கவில்லை என்று நர்ஸ்மார் கதைத்துக்கொண்டார்கள். வேண்டாமா? சரி, இருக்கட்டும். நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கதவை மூடத் தேவையில்லை. நான் சத்தம் போட்டு அழுகிற பொம்பளை இல்லை.

சீதா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தேன். மகள் போய் ஒரு வருடம் ஆகிறதென்று வார்டுப் பிள்ளைகளுக்குப் பால் பக்கற் கொண்டுவந்திருக்கிறாளாம். உங்களோடு தமிழில் கதைத்திருக்கிறாள். அவள் சொன்னதும் ஃபைலில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்று அதில்தான் உங்களுக்குப் பட்டது. போன வருடம் இந்த வார்டில் தமிழ் தெரிந்த டொக்டர் ஒருவரும் இல்லை. இருந்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார். அப்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மடவளையில் எங்களுக்கு ஹார்ட்வெயார் கடை. கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து கவுண்டரில் நின்று சிங்களம் கதைத்தவள் நான். என் மகள் ஹஸ்னாவுக்கு இரத்தப் புற்றுநோய் என்று இங்கே படுக்கவைத்த முதல் வாரத்திலேயே, தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற தாய்மாருக்கெல்லாம் நான்தான் வாய். பெரிய டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வேன், அவர்கள் கேட்பதைச் சிங்களத்தில் சொல்வேன். ஒரு தடவை அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தத் தாய் கட்டில் கம்பியில் தலை மோதி விழுந்தாள். அதற்குப் பிறகு பதமாகத்தான் சொல்வேன். கசப்பானதைக் கொஞ்சம் விட்டுவிடுவேன். யாரும் குறை சொல்லவில்லை. நல்ல மனுசி என்றுதான் சொன்னார்கள்.

சீதாவும் அவள் புருஷன் ராஜலிங்கமும் புசல்லாவைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் மகள் தனுஷிகாவுக்கு ஆறு வயது, என் மகளைவிட ஒரு வயது இளமை. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே வருத்தம், அதே இரத்தப் புற்றுநோய். வீட்டிலிருந்து எனக்கு வரும் சோற்றில் பாதி சீதாவுக்குப் போகும். தேங்காய்ச் சம்பல் என்றால் அவளுக்கு உயிர். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு பிள்ளைகளுக்கும் முடி கொட்டியபோது என் பழைய முந்தானையைக் கிழித்து இரண்டு தலைக்கும் கட்டிவிட்டேன். இதைச் சொல்வது என்னை நல்லவளாகக் காட்ட இல்லை. நடந்தது, சொல்கிறேன்.

பிறகு நாடு படுத்துவிட்டது. பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்து ஏற்ற வேண்டியது சைட்டராபின். அது என்ன என்று நான் கேட்டேன். பெரிய டொக்டர் பொறுமையான மனுசன், விளங்கப்படுத்தினார். உடம்பின் ஒவ்வொரு உயிர்க்கலமும் தன்னைப் பிரதி எடுக்கிறது, அதற்குச் செங்கல் மாதிரிச் சில பொருள்கள் வேண்டும், அவற்றுக்கு நியூக்கிளியோசைட் என்று பெயர். சிட்டிடின் அதில் ஒன்று. சைட்டராபின் அதே முகத்தோடு வருகிற கள்ளச் செங்கல். நோய்க் கலம் ஏமாந்து அதை எடுத்துச் சுவரில் வைக்கும், அதற்கு மேல் கட்ட ஏலாமல் போகும். கடைக்காரி அல்லவா, எனக்கு உடனே பிடிபட்டது.

கையிருப்பு ஒரு பிள்ளைக்குத்தான் காணும் என்றார். பாதி பாதி கொடுத்தால் இரண்டு பேருக்கும் பிரயோசனமில்லை. ஹஸ்னாவுக்கு அப்போது காய்ச்சல், அதனால் தனுஷிகாவுக்கு முதலில். அடுத்த மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். சொல்ல ஏலாது என்றார். என் மாப்பிள்ளை, ஹஸ்னாவின் வாப்பா, கண்டியில் ஏறாத ஃபார்மசி இல்லை, கொழும்புக்கும் போய்வந்தார். வெறுங்கையோடுதான் வந்தார். அன்று பின்னேரமே ஹஸ்னாவின் காய்ச்சல் இறங்கிவிட்டது. அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நான் தனுஷிகாவின் கட்டிலைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைமேல் வெறுப்பும் வந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு அவர்களிடம் சொல்லச் சொன்னார். இந்த மருந்து கடுமையானது, சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வெளியே வரும், வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும். ஆனால் இது மருந்துக்கு மடங்குகிற வகை நோய், பிள்ளை தப்புவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம், நாளைக்கே தொடங்குவோம். இவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் சத்தியைச் சொன்னேன். வாய்ப் புண்ணைச் சொன்னேன். காய்ச்சலைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, டொக்டர். நான் எப்போதும் கசப்பை விடுகிறவள், அன்றைக்கு இனிப்பை விட்டேன். சீதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள பொழச்சுக்குமாக்கா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

நான் பெரிய டொக்டர் பக்கம் திரும்பி, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடவே கூடாது, கொண்டுபோனால் பிள்ளை செத்துப்போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தோட்டத்து ஆட்கள், பாவம், டொக்டர் கோபப்பட்டால் தலை நிமிரவே மாட்டார்கள். ராஜலிங்கத்துக்குக் கடைச் சிங்களம் கொஞ்சம் தெரியும். சாவு என்கிற சொல் மட்டும் அவனுக்கு விளங்கியது. என் முகத்தைப் பார்த்தான்.

அப்போது சொன்னதுதான் பொய். "இனி ஊசி ஏத்துறது புள்ளய வதைக்கிறதுதானாம், வீட்டுல வெச்சு ஆசையாப் பாத்துக்கங்க எண்டு சொல்றார்" என்றேன்.

அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க ஏலாதது. ஒரு கேள்வி, ஒரு ஏச்சு, ஒன்றுமில்லை. தங்கள் பொறுப்பில் கொண்டுபோவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். பஸ்ஸும் ஓடாத நாள் அது. கொஞ்ச தூரம் லொறியில், மிச்சம் நடை என்று பிறகு கேள்விப்பட்டேன். தனுஷிகா என் முந்தானைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டுதான் போனாள்.

மருந்து ஹஸ்னாவுக்கு ஏறியது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் விஷயத்தில் அது பொய். அவள் சத்தி எடுத்த நாளெல்லாம் நானும் சோற்றைத் தொடவில்லை. நீங்களும் ஒரு நாள் தாயாவீர்கள், அப்போது விளங்கும். எந்தத் தாயும் இதைத்தான் செய்திருப்பாள்.

இல்லை, இன்னும் முடியவில்லை. நீங்கள் அந்த டெலிபோன் விஷயத்தைத்தானே கேட்கப் போகிறீர்கள்? சீதா சொல்லியிருப்பாள்.

அடுத்த மருந்து வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் காணுமான அளவு. ஹஸ்னாவின் பங்கு ஏறி முடிந்துவிட்டது, அவளுக்கு இனி ஒரு குறையும் இல்லை. பெரிய டொக்டர் என்னிடம் ஓடிவந்தார். அந்த ஆட்களின் நம்பர் உன்னிடம் இருக்கும்தானே, எடுத்துச் சொல், பிள்ளையை உடனே கொண்டுவரட்டும், நான் அம்புலன்ஸ் அனுப்புகிறேன் என்றார். அவர் முன்னாலேயே எடுத்தேன். சீதாதான் பேசினாள்.

"அக்கா, இன்னிக்குக் கஞ்சி குடிச்சா. ஹஸ்னாவ கேட்டா" என்றாள்.

பின்னால் அந்தப் பிள்ளையின் குரலும் கேட்டது. நான் சுகம் விசாரித்தேன். துஆச் செய்கிறேன் என்றேன். ஒவ்வொரு தொழுகையிலும் செய்தேன், அது பொய்யில்லை. போனை வைத்துவிட்டு, வரமாட்டார்களாம் என்று பெரிய டொக்டரிடம் சொன்னேன். அவர், இந்தச் சனங்களை என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவர்கள் திரும்பி வந்திருந்தால், முதல் தடவை நான் என்ன சொன்னேன் என்று வெளியே வந்திருக்கும். என்னை என்னவென்று நினைப்பார்கள்? மடவளையில் எங்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஹஸ்னாவையும் நாளைக்கு ஒருவன் கையில் கொடுக்க வேண்டும். எல்லாம் பிள்ளைக்காகத்தான்.

தனுஷிகா அந்த மாதமே போய்விட்டாள். மையித்து வீட்டுக்குப் போக எனக்கு வழியில்லை, பெற்றோல் இல்லை. பிறகு ஒரு நாள் கிளினிக்கில் சீதா என்னைத் தேடி வந்தாள். தோட்டத்தில் காய்த்த பேரிக்காய் ஒரு பை கொண்டுவந்திருந்தாள். நீங்க ஒருத்தர்தாங்கா எங்ககிட்ட உண்மையப் பேசுனீங்க, இல்லாட்டி எம் புள்ள ஊசியிலயே கெடந்து செத்திருக்கும் என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். பேரிக்காய் நல்ல இனிப்பு. ஹஸ்னா விரும்பிச் சாப்பிட்டாள்.

இதுதான் நடந்தது. நான்தான் செய்தேன். பொலிசுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள், நான் ஓடிப்போகிற ஆளில்லை. ஹஸ்னாவின் கிளினிக் மட்டும் தவறக்கூடாது.

எழும்புகிறீர்களா? சீதாவிடம் சொல்லப் போகிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், நான் மறிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுடையது யாழ்ப்பாணத் தமிழ், வேகமாக வேறு கதைக்கிறீர்கள். தோட்டத்துப் பிள்ளை, அவளுக்குச் சட்டென்று பிடிபடாது, பயந்துபோவாள். நீங்கள் இருங்கள், டொக்டர். நான் போய் அவளுக்குப் பதமாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.