எதிர்ப் படியில் காலை வெளிச்சம்

எனக்குக் கஞ்சி வாடை ஆகாது, ஐயா. காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லக்கூடாதுதான். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போட்டது போக மிஞ்சிய கஞ்சி புளித்து நாறும். அந்தப் பானைகளைக் குளத்துப் படியில் கொண்டுவந்து கழுவுவார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அதைவிடக் குமட்டியது என் தொழில். முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, காகிதப் பூச்சாடிக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்து நிற்பார்கள். ஒரு வாரப் பத்திரிகை புகைப்படப் போட்டி வைத்தது. நான் அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. நிற்கவைத்து எடுத்த படத்தில் உயிர் இல்லையாம். பரிசு வாங்கியவன், மாகறல் பக்கம் மாட்டு வண்டி கவிழ்ந்தபோது எதேச்சையாக அங்கே நின்றவன். அதிர்ஷ்டக்காரன் என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். வண்டி கவிழப்போகும் இடம் முன்பே தெரிந்திருந்தால் எவனுக்கும் அதிர்ஷ்டம் வேண்டியதில்லை.

ஆகவே நான் இடத்தைத் தயார் செய்தேன். காலை வெயில் எங்கள் குளத்தின் எதிர்ப் படியில் சாய்வாக விழும். இந்தக் கரையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து, அந்தப் படிக்குச் சரியாக லென்ஸைத் திருகி வைத்தேன். அதற்கு முன்பே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அங்கிருந்த பாசியின்மேல் ஒரு பானை புளித்த கஞ்சியை ஊற்றித் தேய்த்திருந்தேன். யார் வழுக்கினாலும், பானை கழுவியவர்கள் சிந்தியது என்றுதான் ஊர் சொல்லும். வருவது யார் என்பதை மட்டும் எதேச்சைக்கு விட்டுவிட்டேன். அது நியாயம்தானே?

வந்தது வடிவு, என் மனைவி. அவள் குளத்துப் பக்கமே வரமாட்டாள், வீட்டில் கிணறு இருக்கிறது. நான் சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன் என்று தூக்கில் இட்லி எடுத்துக்கொண்டு தேடி வந்திருக்கிறாள். எதிர்க்கரையில் என்னைக் கண்டதும் படியில் இறங்கினாள்.

"என்னாங்க, வெறும் வயித்தோட இன்னாத்துக்கு அங்க குந்திக்கினு இருக்கிறீங்க? வந்து ரெண்டு வாய் சாப்டுட்டுப் போங்க" என்று சிரித்தாள். ஸ்டூடியோவில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கால் வழுக்கியது. பின்னந்தலை கல்லில் மோதி, அப்படியே தண்ணீருக்குள் போனாள். தூக்கு மட்டும் மிதந்தது.

படம் கச்சிதமாக வந்திருக்கிறது. உங்கள் ஏட்டு அதைப் பார்த்துவிட்டு, "சீ, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" என்று காறித் துப்பினார். எச்சில் என் செருப்பில் பட்டுவிட்டது. துடைக்க ஒரு துணி கொடுத்தால் நல்லது.

கஞ்சி ஊற்றியது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைச் சாகவிட்டேன் என்று எழுதாதீர்கள். அவள் என்று தெரிந்ததும் கத்தித் தடுக்கத்தான் வாயெடுத்தேன். அதற்கு நேரம் இருக்கவில்லை. பிலிம் சுருளில் அவள் ஒவ்வொரு படியாக இறங்கி வரும் படங்கள் வேறு மூன்று இருக்கின்றனவே என்கிறீர்கள். அவை சும்மா, வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தவை, ஐயா.