சாத்திய கதவுக்குள் ஊதிய பட்டம்

இருந்தவர்கள் மூன்று பேர். அக்கா: காற்றடித்து விறைப்பாக்கும் பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டி, பலகைமேல் நின்று, காற்று இழுத்த இழுப்பில் கடல்மேல் ஓடக் கற்றுக்கொடுப்பவள்; தோளில் அறுவை சிகிச்சை ஆனவள். தம்பி: வாக்குவம் கிளீனர் மெக்கானிக். அக்காவின் கணவர்: பஸ் டிரைவர், அன்று விடுப்பு. இடம் கடற்கரை ஷெட். கதவு சாத்தியிருந்தது.

— டேய், சத்தம் வெளிய கேக்காதுல்ல?

— வாக்குவம் கிளீனர் சத்தம்தானேக்கா. ஷெட்டைச் சுத்தம் பண்றேன்னு நினைச்சுக்குவாங்க. அவ்வளவுதான் விஷயம்.

— நான் என்னிக்குடா இதைச் சுத்தம் பண்ணியிருக்கேன்? உடனே சந்தேகம் வந்துடும்.

— நான் என்ன சொல்றேன்னா, இதெல்லாம் எதுக்கு? கைப்பம்பை எங்கிட்ட குடு, நான் அடிச்சுத் தர்றேன்.

— புருஷன் காத்தடிச்சுக் குடுத்துப் பறக்கறதுக்கு வீட்ல ஃபேனுக்கு அடியிலயே உக்காந்துக்கலாங்க. ‘அவங்கவங்க பட்டத்துக்கு அவங்கவங்கதான் காத்தடிக்கணும், முடியாதவங்க தண்ணிப் பக்கம் வராதீங்க.’ இந்தக் கரையில அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்.

— காரணமாத்தானேம்மா போட்டே. காத்தடிக்கவே மூச்சு வாங்கறவன் தண்ணியில என்ன பண்ணுவான்?

— எனக்கு மூச்சு இருக்கு. தோள்தான் இல்ல. பட்டம் இழுக்கறது இடுப்பை, அதனால டாக்டர் பறக்கலாம்னுட்டாரு. பம்பை மட்டும் தொடாதேன்னுட்டாரு. இதை எங்கிட்ட கத்துக்க வந்து வெளிய நிக்கற அத்தனை பசங்களுக்கும் நான் விளக்கிட்டு இருக்கணுமா?

— அக்கா, வால்வைப் பிடி. கிளீனர்ல உறிஞ்சற பக்கத்தை விட்டுட்டு ஊதற பக்கம் குழாயை மாட்டியிருக்கேன். காத்து நிறைய வரும், ஆனா அழுத்தம் இருக்காது. உருவத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான் விஷயம்.

— தலையணை மாதிரி தொளதொளன்னு இருக்கே.

— இப்பத்தான் டயருக்குக் காத்தடிக்கற கம்ப்ரஸர். இது நேர்மாறு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும், ஆனா இறுக்கும்.

— பழைய பட்டத்தை இறுக்கி வெடிக்க வெச்ச மாதிரி இதையும் வெடிக்க வெச்சேன்னா, உன்னை அதுல கட்டி விட்டுடுவேன்.

— அன்னிக்குக் காத்தை எங்க நிறுத்தறதுன்னு தெரியல. அதுக்குத்தான் குழாய் நடுவுல இதை வெச்சிருக்கேன்.

— மாப்ள. நான் என்ன சொல்றேன்னா, இது எங்க வீட்டு குக்கர் வெயிட்டு.

— ஆமா மாமா.

— நான் தொலைச்சுட்டேன்னு உங்கக்கா ஒரு வாரமாத் திட்டறா.

— திருப்பிக் குடுத்தாலும் உதவாது மாமா. அரத்தால பாதியா ராவிட்டேன். வெயிட்டு பாதியானா பாதி அழுத்தத்துலயே தூக்கிக்கும், மிச்சக் காத்து வெளிய போயிடும். பட்டத்துக்கு அது போதும்.

— மூணு விசில் வந்தா இறக்கிடணுமா?

— சும்மா இருங்க ரெண்டு பேரும். வருது. விசில் வருது. நிறுத்துடா.

— சுண்டிப் பாருக்கா.

— டங்குன்னுது. டேய், கையால அடிச்சு நான்கூட இவ்வளவு இறுக்கமா ஏத்தினதில்ல.

— இன்னொரு தடவை சொல்லு.

— ஒரு தடவை போதும், இப்பவே தலை கனக்குது உனக்கு. கதவைத் திற. கையாலதான் அடிச்சேன்னு நினைச்சுக்கட்டும். என்னங்க, அந்த முனையைப் பிடிங்க.

— நான் என்ன சொல்றேன்னா...

— அப்புறம் சொல்லுங்க.

— அதில்லம்மா. பஸ் ஓட்டறவனுக்குக் கண்ணுலயே அளவு தெரியும். இந்தப் பட்டம் இந்தக் கதவுல போகாது.

— சாய்ச்சுப் பிடிங்க.

— சாய்ச்சாச்சு. நிமித்தியும் பாத்தாச்சு.

— டேய், குக்கர் வெயிட்டுக்கு அளவு தெரிஞ்ச உனக்குக் கதவுக்குத் தெரியலையா?

— உனக்குத் தெரிஞ்சுதா? இத்தனை வருஷமா சுருட்டித்தானே வெளிய கொண்டு போனே. ஒளிக்கணும்ங்கற அவசரத்துல ரெண்டு பேருக்குமே புத்தி வேலை செய்யல.

— நீங்க சிரிக்காதீங்க.

— சிரிக்கலம்மா. சரி, சிரிச்சேன்.

— காத்தைத் திறந்து விடுடா.

— அக்கா, இவ்வளவு பாடுபட்டு...

— திறந்து விடு. எல்லாம் போகட்டும்.

— நான் என்ன சொல்றேன்னா, இன்னிக்கு விட்டுடு. அவங்களை நானே அனுப்பிடறேன். தோள் நல்லா ஆகட்டும்.

— தோள் இனிமே இவ்வளவுதாங்க. டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. இன்னிக்குத் தண்ணியில இறங்கலைன்னா நான் என்னிக்கும் இறங்க மாட்டேன். டேய், இந்த வயர் மணல் வரைக்கும் வருமா?

— வரும்.

— அளக்காமலே சொல்றே?

— அளந்துதான் வாங்கினேன். நாலு பேர் பாக்காம மூலையில கிடக்கறதுக்கா இதைச் செஞ்சேன்? நீ ஒளிக்கச் சொன்னே, ஒளிச்சேன். வயரை மட்டும் நீளமா வாங்கினேன். அவ்வளவுதான் விஷயம்.

— திமிர் பிடிச்சவன்.

— யாரோட தம்பி?

— வயரை ஜன்னல் வழியா வெளிய விடு. மிஷினைத் தூக்கு. எல்லாரும் நிக்கற இடத்துல நடுவுல வெச்சு ஊது.

— அப்ப நீ போட்ட சட்டம்?

— நான் போட்டதை நான்தான் எடுக்கணும். கையால அடிக்க முடியாதவங்க இந்த ஊர்ல நான் ஒருத்தியா? என் பட்டம் முடிஞ்சதும் அவங்களை வரச் சொல்லு, அவங்களுக்கும் ஊதிக் குடு.

— எல்லாரும் இங்கயேதான் பாக்கறாங்கம்மா.

— பாக்கட்டும். நீங்களும் வெளிய வாங்க. கதவைச் சாத்திப் பூட்டுங்க.

— பூட்டிட்டேன். இந்தா சாவி.

— நீங்களே வெச்சுக்கங்க. பாதி ஊதறதுக்குள்ள எனக்கு வெக்கம் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.