கொடியைப் பார்த்து அடிக்கக் கூடாது

கஷ்டமான மைதானத்தில் கொடியைப் பார்த்து அடிக்கக் கூடாது, சார். டிவியில் கோல்ஃப் கேம் விளையாடுகிற பாதிப் பேர் இந்த ஒரு இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குழியில் கொடி நிற்கிறது, கண் நேரே அங்கே போகிறது, கை பரபரக்கிறது. கொடிக்கு இந்தப் பக்கம் மணல் பள்ளம், அந்தப் பக்கம் கடல். பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி வரும். தரையின் வாட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொடியை விட்டுத் தள்ளி, பத்திரமான இடத்தில் பந்தைப் போட்டால் போதும். மீதியைத் தரையே பார்த்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் கிடையாது, ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதி.

நான் வீடியோ கேம் ரிமோட்டுகளைப் பழுது பார்க்கிறவன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சாவி செய்யும் கடையை ஒட்டி என் கடை. கட்டைவிரலால் தள்ளும் குமிழ் தேய்ந்து, தள்ளாமலே ஒரு பக்கம் இழுக்க ஆரம்பிக்கும். பிரித்து, துடைத்து, புதுக் குமிழ் போட்டு, சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகவே கடையில் ஒரு பழைய டிவியும் கேம் பெட்டியும் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கார் ஓட்டிப் பார்ப்பார்கள், சண்டை போட்டுப் பார்ப்பார்கள். நான் கோல்ஃப்தான் போடுவேன். குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தை நேராக உருட்டும்போது குமிழில் ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் எனக்கு இந்த விளையாட்டு கைவந்தது.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றார். நல்ல வாய்ச் சாமர்த்தியம், சிரித்த முகம், வாங்க வந்தவர்கள் குளியலறைக்கு என்று வந்து ஹாலுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம் விட்டால் தண்ணீர் தேங்காது என்று ஊருக்கே வகுப்பெடுப்பார். டிவியில் புல்தரையின் வாட்டம் மட்டும் அவர் கண்ணுக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் அந்த விளையாட்டை அவருக்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. மூச்சு பிடிக்கும்போது வாயில் வைத்து அழுத்தும் பம்பு எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சமையலறையில் எண்ணெய் புகைந்து அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. பம்பு முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. கூப்பிட்டாள். யாரும் கொண்டுவந்து தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அடுப்பு தீய்கிற வாசனைக்கு வந்து பார்த்தபோது அவள் சமையலறைத் தரையில் சாய்ந்து கிடந்தாள், மூச்சு இல்லை.

"குளிச்சிட்டு இருந்தேன். சத்தமே கேக்கல." வந்தவர்கள் எல்லாரிடமும் மாப்பிள்ளை இதைத்தான் சொன்னார். வாய் கூசாமல் சொன்னார். என் அம்மா அவர் தலையைத் தடவிக்கொடுத்து, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவர் குளிக்கவில்லை, விளையாடிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவளை நான் தோளில் தூக்கி வளர்த்தவன். ஆனால் சட்டையைப் பிடித்து உலுக்கி நாலு பேர் முன்னால் கத்தினால் என்ன ஆகும்? நாலு நாள் அழுவார், மன்னிப்புக் கேட்பார், அம்மாவும் மன்னித்துவிடுவாள். பிறகு வேறு கல்யாணம், வேறு வீடு. அது கொடியைப் பார்த்து அடிக்கிற அடி. நான் எழுந்துபோய் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் விளையாட்டை விட்டுவிட்டார். டிவிமேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார். அம்மா என்னிடம், "அவரை விட்டுடாதேடா. நம்ம பொண்ணு போயிட்டா, அவர் நமக்கு யாரோன்னு ஆயிடுமா?" என்றாள். சரி என்றேன். லீவு நாளெல்லாம் போனேன். வீடு பெருக்கினேன், துணி மடித்தேன். ஒரு நாள் அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "ஒரு ரவுண்டு போடலாம் மாப்பிள்ளை" என்றேன்.

"வேணாம் மச்சான். அதைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது."

"சும்மா உக்காந்துட்டு இருந்தா இன்னும் மோசமாத்தான் பண்ணும். மனசு கொஞ்சம் திரும்பட்டும்."

திரும்பியது. அவருடைய ரிமோட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, குமிழை மாற்றி, என்னுடையதைவிட நன்றாகச் செய்து கொடுத்தேன். அடுத்து அவர் ஆட்டத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். பந்து போகும் பாதையைத் திரையில் கோடு போட்டுக் காட்டும் உதவி ஒன்று இருக்கிறது, முதலில் அதை அணைத்தேன். கோடு இருக்கும்வரை ஒருவனும் தரையைப் பார்க்க மாட்டான். எதிர்க்காற்றில் ஓங்கி அடிக்காமல் பெரிய மட்டையை எடுத்து மெதுவாக அடிக்கச் சொன்னேன். உயரமான புல்லில் மாட்டினால் வீரம் காட்டாமல் பக்கவாட்டில் வெளியே வரச் சொன்னேன். குழிக்கு மேலே நிற்கும் பந்து சனியன், கீழே நிற்கும் பந்து தங்கம் என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். குமிழைப் பின்னால் இழுப்பதும் முன்னால் தள்ளுவதும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும், கட்டைவிரல் நடுங்கினால் பந்து வலப்பக்கம் ஓடிவிடும் என்று கையைப் பிடித்துக் காட்டினேன்.

நல்ல மாணவர், சார். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "மச்சான், டைல்ஸ் மாதிரியே நினைச்சுப் பாத்தேன். தண்ணி ஊத்துனா எந்தப் பக்கம் ஓடும்னு" என்று ஒரு நாள் குழந்தை மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு வாட்டம் பிடிபட்டுவிட்டது. அந்த விளையாட்டிலேயே கடினமானது ஒரு கடலோர மைதானம். மரம் கிடையாது, பாறையும் காற்றும்தான். நாங்கள் அதை மொட்டைப் பாறை என்போம். அதில் முன்பெல்லாம் தனியாக ஆடினால் பாதியிலேயே ரிமோட்டைச் சோபாவில் வீசிவிட்டு எழுந்துபோகிறவர், கடைசிக் குழிவரை தாக்குப்பிடிக்க ஆரம்பித்தார்.

எதற்காக இவ்வளவு பாடுபட்டேன் என்று நினைக்கிறீர்கள். தோற்கிறவன் எழுந்து போய்விடுவான், சார். பசித்தால் சாப்பிடப் போவான், தலை சுற்றினால் படுத்துக்கொள்வான். ஜெயித்துக்கொண்டிருப்பவன் எழுந்திருக்க மாட்டான். அதிலும் போட்டி ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் எழுந்தால் ரவுண்டே போய்விடும்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். என் தங்கை இருந்தவரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். சோபாவுக்குப் பக்கத்து மேஜை இழுப்பறையில், அவசரத்துக்கு என்று இனிப்பு பிஸ்கட்டும் குளுக்கோஸ் பாக்கெட்டும் அவள்தான் போட்டு வைத்திருந்தாள். அவள் போன பிறகு தட்டோடு நிற்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "சொந்த அண்ணன்கூட இப்படிப் பாத்துக்க மாட்டான்" என்று அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள்.

மொட்டைப் பாறையில் போட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேமே ஜோடி சேர்த்துவிடும், அவருக்கு எங்கேயோ இருக்கிற ஒரு பெண் எதிராளியாக வந்தாள். ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "நல்லா ஆடுறீங்க மேடம்" என்று அவளிடம் வழிந்துகொண்டிருந்தார். அதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டுவிட்டார். சாப்பாடு சொல்லியாச்சு, வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் ஆரம்பியுங்கள் என்றேன். நான் எங்கேயும் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்த பிஸ்கட்டும் குளுக்கோஸும் அதற்கு முந்தின நாளே என் கடைக்கு வந்துவிட்டன.

அவர் வாழ்க்கையில் ஆடிய ஆட்டங்களிலேயே அதுதான் சிறந்தது. நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவர் மறக்கவில்லை. கொடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எதிரில் இருந்தவள் பின்தங்கிக்கொண்டே வந்தாள். பாதி தாண்டிய பிறகு ஒரு பந்து லேசாக வலப்பக்கம் ஓடியது. அடுத்ததும் ஓடியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"சாப்பாடு இன்னும் வரலையா மச்சான்?"

"வாசலுக்கு வந்துட்டானாம்."

பிறகு சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. கடைசிக் குழிக்கு வந்தபோது அவருக்கு வாய் குழறியது. இழுப்பறையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். வெறும் இழுப்பறையில் ஒரு கை அப்படித் துழாவுவதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சார். அவளும் சமையலறையில் அப்படித்தானே துழாவியிருப்பாள்.

"மச்சான், ஒரு மாதிரி இருக்கு. சக்கரை எதாவது குடுங்க. சீக்கிரம்."

"இந்த ஒண்ணை உருட்டிட்டு எழுந்திருங்க மாப்பிள்ளை. பக்கத்துலதானே இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் அவர் எழுந்திருக்கலாம். சமையலறையில் சர்க்கரை டப்பா இருந்தது, நான் அதைத் தொடவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார், ரிமோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார். ரிமோட் தரையில் விழுந்தது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். பந்து குழிக்குக் கீழ்ப்பக்கம், நேர்க்கோட்டில், தொட்டால் போய்விடும் தூரத்தில் நின்றது. நாளெல்லாம் அந்த அடியை அடித்துப் பார்த்துத்தான் நான் ரிமோட்டை வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறேன். அப்படி ஒரு பந்தை விட்டுவிட்டுப் போக என் கை ஒத்துக்கொள்ளவில்லை. ரிமோட்டை எடுத்து உருட்டினேன். உள்ளே போயிற்று. மாப்பிள்ளை ஜெயித்ததாகத் திரையில் வந்தது. அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகு கூப்பிட்டேன்.

டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. "கடைசிவரைக்கும் என் பிள்ளை கூடவே இருந்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆனால் அந்தப் பெண் இருக்கிறாளே, எதிராளி. அவர் சர்க்கரை கேட்டதும் நான் பதில் சொன்னதும் மைக் வழியாக அவளுக்குக் கேட்டிருக்கிறது. "ஆட்டம் கிடக்கட்டும், அவருக்கு எதாவது குடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாளாம். ஹெட்போன் அவர் கழுத்துக்கு அடியில் கிடந்தது, என் காதில் விழவில்லை. சத்தமே இல்லாமல் போன மனிதர் பந்தை மட்டும் எப்படி நேராக உருட்டினார் என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிக்காரர்களை விடாமல் பிடித்து, விலாசம் கண்டுபிடித்து, உங்கள் போலீஸ் ஸ்டேஷன்வரை வந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு ஆளுக்காக இவ்வளவு தூரம் போகிறார்கள் பாருங்கள்.

ஹெட்போனின் மறுமுனையில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறார் என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. வேறு யார் மறந்தாலும் நான் மறந்திருக்கக் கூடாது.

ஆமாம், அதைத்தான் மறுபடியும் கேட்கிறீர்கள். மாப்பிள்ளை குளிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும். அந்தச் சாயங்காலம் நான் கடையில் ஒரு ரிமோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் ஜோடி போட்டு மொட்டைப் பாறையில் ஆடிக்கொண்டிருந்தோம். கடைசிக் குழியில் அவர் பந்தை உருட்டப் போகும்போது பின்னாலிருந்து தங்கையின் குரல் ஹெட்போனில் எனக்குக் கேட்டது. "என்னங்க, பம்பை எடுத்துட்டு வாங்க" என்றாள். குரல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியாததா என்ன, சின்ன வயதிலிருந்து கேட்ட இழுப்பு.

"ஒரு நிமிஷம் மச்சான், அவ கூப்பிடுறா" என்று எழுந்தார்.

"இதை உருட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. பாதியில எழுந்தா ரவுண்டே போயிடும்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார். நிதானமாகப் பார்த்து உருட்டினார். "உள்ள போயிடுச்சு மச்சான்" என்றார், நான் கை தட்டினேன். அடுத்த ரவுண்டையும் ஆரம்பித்தோம். அவள் அதன் பிறகு கூப்பிடவில்லை.

அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. குளித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி, நான் சொன்னதையும் சேர்த்தே மறைத்தார், எனக்கு உபகாரம் செய்வதாக நினைப்பு. நீங்கள் எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள், சார்? அவளுடைய புருஷன் அவர், எழுந்து போயிருக்க வேண்டியவர் அவர். நான் சொன்னது ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான்.